ஐந்தாம் மாதம், ரத்தம் 9.6: வீட்டுச் சட்டியில் இருப்பதை வைத்தே எப்படிச் சாப்பிடுவது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 27, ஐந்தாவது மாதம், முதல் பிள்ளை. கிளினிக்கில் ரத்தம் 9.6 என்று பிங்க் புத்தகத்தில், அதாவது கர்ப்பிணிக்குக் கொடுக்கும் பரிசோதனைப் பதிவேட்டில், எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாமியார் பப்பாளி, அன்னாசி, கத்திரிக்காய், முட்டை எதையும் தொடவிடுவதில்லை. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும், பெருத்துப் போய் வயிற்றைக் கிழிக்க வேண்டி வரும் என்கிறாராம். கடையில் விற்கும் கர்ப்பிணிப் பால் மாவு வாங்க வசதியில்லை. "நான் என்ன சாப்பிட வேண்டும்?" என்று முடித்திருக்கிறார். எனக்குக் கேட்டது இதுதான்: சமையலும் பணமும் என் கையில் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு, யாரிடமும் சண்டை போடாமல், என் பிள்ளைக்கு வேண்டியதை என்னால் கொடுக்க முடியுமா? முடியும் தங்கச்சி. அதை எப்படி என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அரசாங்கத் தாய் சேய் கிளினிக்குகளில் 31 ஆண்டுகள் சமூகத் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பாதி நாள் கிளினிக்கில், மீதி நாள் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு நடந்து போய் வயிறு பார்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளையும் நான் பார்க்கவில்லை. ஆகவே இங்கே சொல்வது பொதுவாக எல்லாருக்கும் பொருந்துவது. உங்களுக்கென்று உள்ள முடிவு உங்கள் கிளினிக்கில்தான்.

9.6 என்றால் என்ன? ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் கிராம் கணக்கு அது. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தால் ரத்தசோகை என்று நம் கிளினிக்குகளில் எடுத்துக்கொள்வார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 விழுக்காட்டுக்கும் மேல் கூடும். சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் கூடாது. சாம்பாரில் தண்ணீர் விட்ட மாதிரி எல்லாருக்குமே எண் கொஞ்சம் இறங்கும். அதனால் 9.6ஐப் பார்த்து ராத்திரி தூக்கம் கெடத் தேவையில்லை. ஆனால் இது வெறும் தண்ணீர் விட்ட கணக்கு மட்டும் அல்ல, கையிருப்பும் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. பிரசவத்தில் எல்லாருக்கும் ரத்தம் போகும். இருப்பு உள்ளவள் தாங்குவாள்.

ஒரு கர்ப்பம் முடிய உடம்புக்கு மொத்தமாக ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவை. அதில் பெரும்பகுதி இனி வரும் மாதங்களில்தான். சாப்பாட்டில் இருக்கும் இரும்பு எல்லாம் உள்ளே போய்ச் சேராது. கீரை, பருப்பு, தெம்பே (புளிக்க வைத்த சோயா), தௌஃபு (சோயாக்கட்டி) இவற்றில் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் எடுக்கும். இறைச்சி, மீன், கெராங் (சிப்பி வகை) இவற்றில் இருப்பதை அதைவிட நன்றாக எடுக்கும். அதனால்தான் "தினமும் முருங்கைக்கீரை தின்கிறேன், இருந்தும் ஏறவில்லையே மிஸ்ஸி" (தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்று இத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கீரை நல்லது, விடாதீர்கள். ஆனால் அதைத் தனியாக விடாதீர்கள். முருங்கைக்கீரையோ பாயாம் கீரையோ வதக்கும்போது, கழுவி உப்பு இறக்கிய நெத்திலி ஒரு பிடி போட்டுப் பிரட்டுங்கள். இறக்கி வைத்த பிறகு லீமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சை ஒன்றைப் பிழிந்து விடுங்கள். மீனும் புளிப்பும் சேர்ந்தால் கீரையின் இரும்பு இன்னும் அதிகமாக உள்ளே ஏறும். இதற்கு உங்கள் மாமியாரிடம் அனுமதியும் தேவைப்படாது. நெத்திலியும் லீமாவும் எந்த வீட்டு அடுப்படியிலும் இருப்பதுதான்.

அடுத்தது தேநீர். இதைத்தான் நான் எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்வேன். நம் வீடுகளில் பசியாறும்போதே ஒரு மங்கு தே வேண்டும், மத்தியானம் சோறு முடிந்த கையோடு இன்னொரு மங்கு. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அந்த வேளையின் கீரை, பருப்பில் உள்ள இரும்பில் உடம்பு எடுத்திருக்கக்கூடியதைப் பாதிக்கு மேல் தடுத்துவிடும். காப்பியும் தடுக்கும், கொஞ்சம் குறைவாக. தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று போதும். காப்பி, தேநீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு காஃபின் 200 மில்லிகிராமுக்குள் நிற்க இதுவும் உதவும். காசு செலவில்லாமல், யார் மனமும் நோகாமல் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பலன் தருவது ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் 9.6இலிருந்து சாப்பாட்டால் மட்டும் மேலே வர நேரம் பற்றாது. மாத்திரை வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபூமரேட் மாத்திரையில் சுத்த இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம் இருக்கிறது. வயிறு காலியாக இருக்கும்போது சாப்பிட்டால் நன்றாக ஏறும், ஆனால் குமட்டும். நான் சொல்லிக்கொடுத்த வழி, ராத்திரிச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன், அரைக் கொய்யாப்பழத்தோடு. கொய்யாவில் வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு. குமட்டல் வந்தாலும் தூக்கத்தில் போய்விடும். பாலோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்க வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்கிறது என்று சில ஆய்வுகள் உண்டு. அவை பெரும்பாலும் கர்ப்பமில்லாத பெண்களிடம் செய்தவை. அதனால் நீங்களாகக் குறைக்காதீர்கள். முடியவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றித் தருவார்கள்.

மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுக்கும் என்பது எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. மலம் கறுப்பாகப் போகும். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு அது, ஒரு கெடுதலும் இல்லை. அதைப் பார்த்த யாரோ உள்ளே இருக்கும் பிள்ளையும் கறுக்கும் என்று நினைத்திருக்கலாம். பிள்ளையின் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது; மாத்திரையாலும் மாறாது, குங்குமப்பூப் பாலாலும் மாறாது. அந்தச் சிறு டப்பாவுக்கு ஆகும் செலவில் இரண்டு வாரத்துக்கு முட்டை வாங்கலாம்.

மாத்திரையில் எனக்கு நேர்ந்த ஒரு தவற்றை இங்கே சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் செம்பனைத் தோட்டத்து லயத்தில் ஒரு பெண், உங்கள் வயதுதான் இருக்கும். மூன்று மாதமாக ரத்தம் 9.2, 9.3 என்று அசையவே இல்லை. "மாத்திரை சாப்பிடுறேன் மிஸ்ஸி, சாமி சத்தியமா" என்றாள். நான் நம்பவில்லை. அந்த மாதிரி சொல்லிவிட்டு மைலோ டின்னுக்குள் மாத்திரையை ஒளித்து வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவள் மாமியார் முன்னாலேயே சத்தம் போட்டுவிட்டேன். பிறகு ரத்தத்தை அனுப்பிப் பார்த்ததில் அவளுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு இருந்தது. இரும்பு போதுமான அளவு இருந்தது. சிவப்பணுக்கள் பிறவியிலேயே சிறியவை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அடுத்த முறை போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் எண் ஏறத்தாழ 1 கூடவில்லை என்றால், ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் பரிசோதனை) தலசீமியாப் பரிசோதனையும் செய்தாயிற்றா என்று கேளுங்கள். நம் நாட்டில் தலசீமியா அரிதானது அல்ல. உங்களுக்கு இருந்தால் கணவரையும் பரிசோதிக்க வேண்டும். இருவருக்கும் ஒரே வகை இருந்தால் பிள்ளைக்கு நோய் முழுதாக வர வாய்ப்பு உண்டு.

ஒன்று கேட்கிறேன், வெட்கப்படாமல் யோசித்துப் பாருங்கள். பச்சரிசி, திருநீறு, அடுப்புச் சாம்பல், ஐஸ்கட்டி இவற்றில் எதையாவது தின்ன வேண்டும் என்று அடக்க முடியாத ஆசை வருகிறதா? ஒரு வீட்டில் பேசிக்கொண்டே இருக்கும்போது அந்தப் பெண்ணின் வாயில் நறநறவென்று சத்தம். சாரோங் மடிப்பில் ஒரு கை அரிசி முடிந்து வைத்திருந்தாள். மசக்கை ஆசை என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். இரும்புக் குறைவோடு இந்த ஆசை சேர்ந்து வருவது மருத்துவத்தில் நன்கு தெரிந்தது. குறைவு சரியானதும் பலருக்கு ஆசையும் போய்விடும். இருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

இரும்போடு கொடுக்கும் இன்னொரு சிறு மாத்திரை ஃபோலிக் அமிலம். இதன் கதையில் நம் ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928இல் பம்பாய்க்கு வந்து, நூலாலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் வரும் ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும்கூட வேலை செய்தார். மார்மைட் கொடுத்ததும் அந்தப் பெண்களுக்கு ரத்தம் ஏறுவதைக் கண்டு 1931இல் எழுதினார். அதில் இருந்த சத்துதான் ஃபோலேட். கீரையிலிருந்து பிரித்தெடுத்ததால் இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 1941இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். பிள்ளையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். அதற்கு ஃபோலிக் அமிலம் கரு உண்டாகும் முன்பே தேவை. உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இப்போது அது ரத்தம் ஊற உதவும், தொடருங்கள். அடுத்த பிள்ளைக்கு நினைக்கும்போது மூன்று மாதம் முன்னதாகவே கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது மாமியார் தடுக்கும் சாமான்கள். பழுத்த பப்பாளியைத் தாராளமாகச் சாப்பிடலாம். வெள்ளைப் பால் வடியும் பச்சைப் பப்பாளிக்காய் வேண்டாம். சிங்கப்பூரில் எலிகளை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பழுத்த பப்பாளிச் சாறு கர்ப்பப்பையை ஒன்றும் செய்யவில்லை, காயின் பால் அதைச் சுருங்க வைத்தது. எலிக்கு நடந்தது மனுஷிக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் காயைத் தவிர்ப்பதில் நமக்கு நட்டம் ஒன்றும் இல்லை. ஆக, மாமியார் சொல்வதில் பாதி சரி. அதை அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். அன்னாசி சாப்பாட்டுக்குப் பின் இரண்டு துண்டு சாப்பிடுவதால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கத்திரிக்காய்க்கும் இல்லை. முட்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இவ்வளவு மலிவாக இவ்வளவு புரதம் வேறெதிலும் கிடைப்பது கடினம். கோப்பிக் கடையில் கொடுக்கும் அரைவேக்காட்டு முட்டை வேண்டாம், மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேக வைத்தது. கெராங்கும் அப்படித்தான்: இரும்பு நிறைய, ஆனால் வெந்நீரில் முக்கி எடுத்தது ஆகாது, நன்றாக வெந்திருக்க வேண்டும்.

ரத்தம் ஏற ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) வாங்கிச் சமைத்துக் கொடுப்பார்கள். அன்போடு செய்வது. சுவரொட்டி நன்றாக வெந்தால் சரி. ஈரலில்தான் கவனம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைய மேல்வரம்பு 3000 மைக்ரோகிராம்; ஆட்டு ஈரல் 100 கிராமே அதைத் தாண்டிவிடும். அளவு மீறினால் பிள்ளையின் உறுப்பு அமைப்பைப் பாதிக்கலாம், அதுவும் முதல் மூன்று மாதங்களில். ஈரலை இப்போதைக்கு விட்டுவிட்டு, அந்தக் காசுக்கு ஆட்டிறைச்சியோ கோழித் தொடைக்கறியோ வாங்கச் சொல்லுங்கள்.

மீன் வாரம் இரண்டு மூன்று முறை வேண்டும். கெம்போங், செலார், நெத்திலி, டின் சார்டின் போன்ற சிறு மீன்கள் எல்லாம் நல்லவை. சார்டினை முள்ளோடு மசித்தால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். சுறா மட்டும் வேண்டாம். பெரிய மீன், பல ஆண்டு வாழ்வது, பாதரசம் சேர்ந்திருக்கும், அது பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். பிள்ளை பெற்ற பின் பால் ஊறச் சுறாப்புட்டு செய்து தருவது நம் வழக்கம் என்று எனக்கும் தெரியும். அப்போதும் கெம்போங் மீனைப் புட்டு மாதிரி உதிர்த்துச் செய்யச் சொல்லுங்கள். பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி குடிப்பதால்.

கர்ப்பிணிப் பால் மாவு வாங்க முடியவில்லையே என்ற கவலையை இன்றோடு விடுங்கள். அதில் இருக்கும் எதுவும் சாதாரணப் பால், முட்டை, மீன், கீரை, கிளினிக் மாத்திரை இவற்றில் இல்லாதது அல்ல. பல மாவுகளில் சர்க்கரையும் உண்டு. ஆனால் அலமாரியில் இருக்கும் பால் டின்னை எடுத்து லேபலைப் படித்துப் பாருங்கள். தேநீருக்கு ஊற்றும் கட்டிப்பாலில் ஏறத்தாழ பாதி சர்க்கரைதான். இப்போது விற்பவற்றில் பல, பால்கூட இல்லை. செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்த இனிப்புக் கிரீமர். "தினமும் பால் குடிக்கிறேன்" என்று என்னிடம் சொன்ன எத்தனையோ பேர் குடித்தது அதைத்தான். சாதாரண முழுப்பால் மாவோ, பெட்டிப் பாலோ, தயிரோ ஒரு நாளைக்கு இரண்டு கப். முடியாவிட்டால் நெத்திலி, சார்டின், தௌஃபு. வீட்டில் புரட்டாசி விரதம் என்றாலும் முட்டையும் பாலும் நிறுத்த வேண்டாம். செடியில் வரும் உணவில் பி 12 கிடையாது. தெம்பேயையும் நம்பி இருக்க முடியாது.

சர்க்கரை என்றதும் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, பற்றிச் சொல்ல வேண்டும். 2019 தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் 31.4. நம் பெண்களுக்குக் கர்ப்பத்திலேயே வந்துவிடுவது சாதாரணமாகிவிட்டது. 24இலிருந்து 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீர் குடிக்க வைத்துப் பரிசோதிப்பார்கள். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு வெறும் வயிற்றில் 5.1 மில்லிமோல், இரண்டு மணி நேரம் கழித்து 7.8 என்பது எல்லை. இரண்டில் ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு என்று எடுத்துக்கொள்வார்கள். முன்பு ஒரு முறை செய்து சரியாக இருந்தது என்று இதைத் தவறவிடாதீர்கள். சோற்றை விட வேண்டாம். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீன் முட்டை பருப்பு, மீதிக் கால்தான் சோறு. ரெண்டு பேருக்குச் சாப்பிடு என்பார்கள். மலேசியப் பரிந்துரைப்படி நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு 280 கலோரி, கடைசி மூன்று மாதத்தில் 470. ஒரு முட்டை, ஒரு கப் பால், ஒரு வாழைப்பழம்: 280 வந்துவிட்டது.

பெருத்துவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். மாமியார் மேல் கோபப்படாதீர்கள். அவர் தாயார் காலத்தில் தோட்டத்து லயத்திலேயே பிரசவம். மருத்துவச்சி கையில் பிள்ளை பெரிதாகிச் சிக்கினால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். கொஞ்சமாகச் சாப்பிட்டால் சிறிய பிள்ளை, சுகப்பிரசவம் என்று அவர்கள் பிழைக்க வழி தேடியிருக்கிறார்கள். இரும்பு மாத்திரை பிள்ளையைப் பெருக்க வைக்காது. பிள்ளை அளவுக்கு மீறிப் பெரிதாவதற்கு முக்கியமான காரணங்கள் கட்டுக்கு வராத இனிப்பு நீரும், தாயின் எடை மிதமிஞ்சி ஏறுவதும்தான். அவரையே அடுத்த சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். "அத்தை, நீங்களும் வாங்க, மிஸ்ஸி சொல்றதை நீங்க கேட்டுக்கிட்டா எனக்கு நல்லா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தவரை, நம் வாயால் கேட்டால் எதிர்க்கும் மாமியார்கள், தாதி அவர்களைப் பார்த்து "அம்மா, ராத்திரி மாத்திரை கொடுக்கிற பொறுப்பு உங்களுடையது" என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தவறவிடமாட்டார்கள். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன், பெரும்பாலும் நடந்திருக்கிறது.

மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, மயக்கம், ரத்தம் படுதல், கண் மங்கலோடு தலைவலி, திடீரென முகமும் கையும் வீங்குதல், பிள்ளை அசைவு குறைதல் இதில் எது வந்தாலும் சாப்பாட்டுப் பேச்சுக்கே இடமில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்று ராத்திரியிலிருந்து மூன்று: தேநீரைத் தள்ளி வையுங்கள், படுக்கும் முன் மாத்திரையும் கொய்யாவும், நாளைக்கு ஒரு வெந்த முட்டை. நான்கு வாரம் கழித்து ரத்தம் எடுத்ததும் எண் எத்தனை என்று இங்கே எழுதுங்கள். ஏறவில்லை என்றாலும் எழுதுங்கள்.